நாலு பேர் குடியிருக்கும் வீடு

அவளோடு ரங்கநாதன் தெருவுக்குப் போகவே கூடாது. ஆடி மாதத்துக் கூட்டத்தில் நாம் நடக்க வேண்டிய அவசியம்கூட இல்லை, பின்னால் வருகிறவர்களே நம்மை ஸ்டேஷன் வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். அந்த நெரிசலுக்கு நடுவே அவள் சட்டென்று நின்றுவிடுவாள். அண்ணாந்து ஏதாவது ஒரு கடைப் பலகையைப் பார்ப்பாள்.

"தள்ளுபடின்னு போட்டிருக்கான் பாரு. தள்ளு, படி. தள்ளிக்கிட்டே படிக்கணும். இந்தத் தெருவுக்குன்னே செஞ்ச வார்த்தைடி!"

"இன்னாமே, நடுவுல நின்னுகினு ஆராய்ச்சி பண்ற?" என்று பின்னால் வந்த அம்மாள் முழங்கையால் ஒரு இடி இடித்தார். அவளுக்கு அது உறைக்கவில்லை. "இதே வார்த்தையைத்தான் கோர்ட்லயும் சொல்றாங்க, மனு தள்ளுபடின்னு" என்று சொல்லிக்கொண்டே என் கையைப் பிடித்து இழுத்தாள். அடுத்த வாரம் மாம்பலம் பக்கத்துச் சுவர் ஒன்றில் சின்னதாக ஒரு ஸ்டிக்கர் இருந்தது. 'புடவையும் தள்ளுபடி. மனுவும் தள்ளுபடி. ஆடி மாதம் மட்டும் அல்ல.'

அவள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் யாராவது அதைப் பிரித்துப் பார்ப்பார்கள். ஒரு வார்த்தையை அது இருக்கிறபடி விட்டுவைக்க அவளால் முடியாது. அதைப் பிரித்தாக வேண்டும், அல்லது ஒரு கொம்பைக் கழற்ற வேண்டும், அல்லது ஒரு புள்ளியை வைக்க வேண்டும். அதெல்லாம் செய்யாத நேரத்தில் நகத்தைக் கடித்துக்கொண்டிருப்பாள். பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் உட்கார மாட்டாள். உட்கார்ந்தால் ஒரு பக்கத்துப் பலகைகள்தான் தெரியுமாம்.

எனக்கு அவள் அறிமுகமானதே ஒரு பலகையால்தான். தி. நகரில் ஒரு ஸ்கேன் சென்டரில் வரவேற்பு மேஜை என்னுடையது. நோயாளிகள் உட்காரும் அறைக்குப் பலகை வேண்டும் என்று மேனேஜர் சொல்ல, பனகல் பார்க்குக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனேன். கம்ப்யூட்டர் முன்னால் அவள்தான் இருந்தாள். 'இங்கே காத்திருக்கவும்' என்று எழுதிக் கொடுத்தேன். அளவெடுக்க நேரில் வந்தவள் ஜன்னல் இல்லாத, ஃபேன் இல்லாத அந்த அறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். கத்திரி வெயில் நாள். வியர்த்துக் கொட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களையும் பார்த்தாள். அளவை எழுதிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் பலகை வந்தது. 'இங்கே காத்து இருக்கவும்.' நடுவில் ஒரு இடைவெளி, அவ்வளவுதான். மாட்டுகிற வரைக்கும் நான்கூடக் கவனிக்கவில்லை. வந்தவர்கள் பலகையைப் படித்தார்கள், பிறகு கூரையைப் பார்த்தார்கள். ஒரு பெரியவர் என் மேஜைக்கே வந்து, "எங்கம்மா காத்து இருக்கு? காட்டு" என்று சண்டை போட்டார். மேனேஜருக்கு விஷயம் புரிய ஒரு வாரம் ஆயிற்று. அதற்குள் ஊர் சிரித்துவிட்டதால் ஃபேன் மாட்டினார்கள். நான் போன் செய்து சொன்னேன். அன்று சாயங்காலமே இன்னொரு பலகையோடு வந்து நின்றாள். இதில் இடைவெளி இல்லை. "இப்போ சேர்ந்தே இருக்கலாம்" என்றாள். அப்படித்தான் சிநேகிதம் ஆனோம்.

மயிலாப்பூர் முழுக்க மெட்ரோ ரயிலுக்காகத் தோண்டிப் போட்டிருந்த சமயம். லஸ் முனையில் நீலத் தகரத் தடுப்புகளை ஒட்டி வண்டிகள் நகராமல் கிடக்கும். தடுப்பில் 'பணி நடைபெறுகிறது' என்று எழுதியிருக்கும். ஒரு நாள் அவள் ஷேர் ஆட்டோவிலிருந்து குதித்து இறங்கிப் போய், அதன் கீழேயே, அதே மாதிரி எழுத்தில், 'நாம்தான் நிற்கிறோம்' என்று ஒட்டிவிட்டு ஓடி வந்து ஏறிக்கொண்டாள். வண்டி அதுவரைக்கும் அங்கேயேதான் இருந்தது. டிரைவர் அதைப் படித்துவிட்டு, "சரியா சொன்ன கண்ணு!" என்று ஸ்டீயரிங்கில் தட்டிச் சிரித்தார்.

இன்னொரு நாள் அடையாறில் ஒரு கட்டடத்தின் முன்னால் நாலைந்து பையன்கள் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். 'தொலைதூரக் கல்வி மையம்' என்று பலகை. ல் மேலிருந்த புள்ளி மட்டும் உதிர்ந்து போயிருந்தது. எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அவள் சிரிக்கவில்லை. நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டைப் பிய்த்தாள். யாருடைய பைக்கோ நின்றிருந்தது, அதன் சீட்டின் மேல் ஏறி, பொட்டைப் புள்ளியாக ஒட்டினாள். பையன்கள் "ஏ!" என்று கத்தினார்கள்.

"ஏன்டி கெடுத்த?" என்றேன்.

"சும்மா கிடைக்கிற ஜோக் எனக்கு வேண்டாம்."

இதையெல்லாம் கேட்டால் அவளோடு இருப்பது பெரிய ஆனந்தம் என்று தோன்றும். அப்படி இல்லை. அவள் பக்கத்தில் இருந்தால் நமக்கும் உடம்பு நிலைகொள்ளாது. நாம் பேசும்போது முகத்தைப் பார்க்க மாட்டாள், உதட்டைப் பார்ப்பாள். வார்த்தை காதில் விழுந்ததும் அது யார் வாயிலிருந்து வந்தது என்பதே அவளுக்கு மறந்துவிடும். அது எனக்குத் தெரிய வந்தது வீடு தேடின நாட்களில்.

என் வீடு திருவல்லிக்கேணியில். அண்ணனுக்கு இரண்டாவது குழந்தை பிறந்த பிறகு நான் கூடத்தில் படுக்க வேண்டியதாயிற்று. அவளுக்கு ஆதம்பாக்கத்தில் அம்மாவோடு கல்யாணப் பேச்சில் தினமும் யுத்தம். இரண்டு பேரும் சேர்ந்து மந்தைவெளிப் பக்கம் ஒரு வீடு பார்க்கலாம் என்று முடிவு செய்தோம். போனில் பேசுவது அவள் வேலை.

"கூட யாரு?" என்பார்கள்.

"ஃப்ரெண்டு. ஸ்கேன் சென்டர்ல வேலை செய்றா."

"பேரு?"

"நசீமா."

அதற்குப் பிறகு ஒரு மௌனம் வரும். அந்த மௌனத்தை எப்படி எழுதுவது என்று அவளுக்குக் கவலை. எனக்கு அதற்கு அடுத்து வருவதுதான் கவலை. 'இப்பதான் ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனார்.' 'ஓனர் ஊர்ல இல்லம்மா.' 'எங்களுக்கு ஒண்ணும் இல்ல, பக்கத்து போர்ஷன்லதான் ஒத்துக்க மாட்டாங்க.' ஒவ்வொன்றையும் போனில் பதிந்து வைத்துக்கொண்டாள். சில வீடுகளில் நேரிலேயே சொன்னார்கள். நான் அக்கம்பக்கம் பார்க்காமல் கீழே இறங்கிவிடுவேன். அவள் வாசலில் நின்று 'சைவர்களுக்கு மட்டும்' என்ற அட்டையை ரசித்துப் படித்துக்கொண்டிருப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து அலைந்து, மந்தைவெளி பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். "வீட்டைக் கேட்டா பேரைக் கேக்கறாங்கடி" என்றேன். அவள் என் தோளில் கை போட்டாள். பிறகு அந்தக் கையை எடுத்துவிட்டாள். போனைத் தேடுகிறாள்.

"இன்னொரு தடவை சொல்லு."

"என்னது?"

"இப்ப சொன்னியே. வீட்டைக் கேட்டா..."

"உனக்கு இது சரக்கு" என்றேன். "எனக்கு வீடுடி."

முகம் வெளுத்துவிட்டது. மன்னிச்சுக்கோ என்றாள். டீ வாங்கி வந்து கொடுத்தாள், கண்ணைத் துடைத்துவிட்டாள். எல்லாம் உண்மையான அன்பு. ஆனால் டீயைக் குடித்துக்கொண்டிருக்கும்போதே அவள் உதடுகள் அசைந்தன. நான் சொன்னதை மறக்காமலிருக்கச் சொல்லிப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

அன்று சாயங்காலம்தான் ஒரு மாமியின் வீடு கிடைத்தது. பள்ளிக்கூட ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கீழே தனியாக இருந்தார். மாடியில் இரண்டு அறை. எல்லாம் காட்டிவிட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் பெயர் கேட்டார். சொன்னேன். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எனக்கு ஒண்ணும் இல்லைடிம்மா. ஆனா நாலு பேர் கேட்டா நான் என்ன சொல்வேன்?"

எனக்குப் பழகிப்போன வாக்கியம். செருப்பில் காலை நுழைத்துவிட்டேன். அவள் மட்டும் நகராமல் மாமியின் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். மாமி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். என் கண் வீங்கியிருந்ததையும் பார்த்திருப்பார்.

"கேக்கறவா கேக்கட்டும்" என்றார். "ஒண்ணாந்தேதி வந்துடுங்கோ. மாடிப்படியில மீன் வாசனை மட்டும் வரப்படாது."

அந்த வீட்டில் நன்றாகவே இருந்தோம். மாமி ஒன்றும் மாறிவிடவில்லை. நான் திருவல்லிக்கேணி போய்விட்டுப் பையோடு வந்தால் படியோரம் நின்று முகர்ந்து பார்ப்பார். ஆனால் நோன்பு மாதத்தில் சாயங்காலம் கீழேயிருந்து, "நாழியாச்சுடி நசீமா, வாயில ஏதாவது போட்டுக்கோ!" என்று முதல் குரல் அவருடையதாகத்தான் இருக்கும். தெருவில் யாரோ கேட்டார்களாம். "என் வீட்டு மாடி, என் இஷ்டம்னு சொல்லிட்டேன்" என்று ஒரு நாள் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டே சொன்னார்.

மாடியில் வீடு முழுக்க எழுத்துகள். தரையில் வெட்டிப் போட்ட ழவையும் ணவையும் மிதிக்காமல் சமையலறைக்குப் போக முடியாது. அவளுக்கு அப்போது ஒரு வாய்ப்பு வந்திருந்தது. அடையாறில் ஒரு பழைய கார் ஷெட்டைச் சுத்தம் செய்து கண்காட்சிக் கூடம் ஆக்கியிருந்தார்கள். பத்துப் பேருடைய படைப்புகளோடு அவளுக்கும் ஒரு சுவர் கொடுத்தார்கள். வீதியில் தொங்கும் 'வாடகைக்கு' பலகைகளைப் போலவே தகரம் வெட்டி, அதே மஞ்சள், அதே கறுப்பு. மொட்டை மாடியில் குத்துக்காலிட்டு எழுதுவாள், எழுந்து நடப்பாள், திரும்ப வந்து அழிப்பாள். அவள் காலடிச் சத்தம் தாங்காமல் மாமி கீழேயிருந்து, "கொஞ்சம் உக்காரேண்டி!" என்று கத்துவார்.

திறப்பு விழா அன்றுதான் எல்லாப் பலகைகளையும் சேர்த்துப் பார்த்தேன். 'சைவர்களுக்கு மட்டும்' என்பதில் ஒரே ஒரு எழுத்தின் சுழியை எடுத்துவிட்டு, 'சைவர்களுக்கு மட்டம்' என்று ஆக்கியிருந்தாள். நடுவில் பெரிய பலகை: 'இந்த வீடு காலி இல்லை. நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற அந்த நாலு பேர் ஏற்கெனவே குடியிருக்கிறார்கள்.' அதன் முன்னால்தான் கூட்டம். ஓரத்தில், 'வீட்டைக் கேட்டேன். பேரைக் கேட்டார்கள்.' அதன் முன்னால் நிற்பவர்கள் சிரிக்கவில்லை. என் அழுகை அழகான எழுத்தில் இருந்தது. பெருமையா கூச்சமா என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

கடைசிப் பலகையை நான் இரண்டு தடவை படித்தேன். 'எனக்கு ஒண்ணும் இல்லைடிம்மா. ஆனா நாலு பேர் கேட்டா நான் என்ன சொல்வேன்?' மாமி சொன்னது அப்படியே. அந்த 'டிம்மா'கூட விடவில்லை.

"இது மாமியோடதாச்சே" என்றேன்.

"ஆமா. மாமியையும் வரச் சொல்லியிருக்கேன்."

"பைத்தியமாடி உனக்கு?"

"ஏன்? மாமிக்குப் பிடிக்கும். எவ்ளோ நல்லா பேசுவாங்க தெரியுமா? ஒரு எழுத்தை நான் மாத்தல."

அவள் கேலியாகச் சொல்லவில்லை. அதை மரியாதை என்றுதான் நினைத்திருந்தாள்.

மாமி ஆட்டோவில் வந்து இறங்கினார். பட்டுப்புடவை கட்டி, தலையில் பூ வைத்து, கல்யாணத்துக்கு வருவது போல. கையில் அவளுக்கென்று ஒரு முழம் மல்லிகை. ஒவ்வொரு பலகையாக நின்று, உதடு அசைய, படித்துக்கொண்டே வந்தார். 'மட்டம்' பலகையில் லேசாகச் சிரித்தார். நாலு பேர் பலகைக்கு முன்னால், "போக்கிரி" என்றார். கடைசிப் பலகைக்கு முன்னால் இரண்டு பெண்களும் ஒரு பையனும் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். பையன் மாமியைப் போலவே குரலை இழுத்து, "ஒண்ணும் இல்லைடிம்மா" என்று படித்தான். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மாமி அவர்களுக்குப் பின்னாலேயே நின்று படித்து முடித்தார். பையன் திரும்பிப் பார்த்துவிட்டு, ஏனென்று தெரியாமல் விலகிப் போனான்.

"இது நான் சொன்னதுதானேடி?" என்று மாமி அவளைக் கேட்டார்.

"ஆமா மாமி."

"மீதி எங்கே?"

அவளுக்கு விளங்கவில்லை. "எந்த மீதி?"

"அதுக்கப்புறம் நான் ஒண்ணு சொன்னேனே. அது எங்கேன்னு கேக்கறேன்."

எதையோ தேடிப் பிடித்து, சிரிப்பது போல முகத்தை வைத்துக்கொண்டு, "பலகைல இடம் இல்ல மாமி" என்றாள்.

சொன்ன பிறகுதான் அவளுக்கே கேட்டது. பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

"இடம் இல்லேன்னு நான் சொல்லலையேடி" என்றார் மாமி.

அவ்வளவுதான். சத்தம் போடவில்லை, அழவில்லை. மல்லிகையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு என்னிடம் கொடுத்துவிட்டு, "ஆட்டோ பிடிச்சுக் குடு நசீமா" என்றார்.

இரண்டு நாள் கழித்து நான் வேலைக்குக் கிளம்பும்போது மாமி கேட் அருகே நின்றிருந்தார். "அன்னிக்கு நான் அப்படிச் சொன்னப்போ உனக்கு வலிச்சுதாடி?" என்று கேட்டார். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

"வலிச்சுது மாமி."

தலையை ஆட்டினார். "சொல்லலைன்னு நான் சொல்லலை. சொன்னேன்" என்றார். கேட்டின் தாழ்ப்பாளை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

அவள் மாமியின் முன்னால் படியேற மாட்டாமல் தெருமுனையில் நின்று, வாசல் காலியானதும் ஓடி வந்து ஏறுவாள். பலகைகளைப் பார்ப்பதும் இல்லை, தரையைப் பார்த்து நடந்தாள். பிறகு ஒரு நாள் காலையில் பெயின்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு அடையாறு போனாள். பலகையைக் கழற்றி, முழுக்க அழித்து, மறுபடி எழுதினாள். மாமி சொன்ன எல்லாவற்றையும். மீன் வாசனை வரைக்கும். எழுத்தைச் சின்னதாக்கினால் இடம் இருந்தது.

இப்போது அந்தப் பலகைக்கு முன்னால் யாரும் நிற்கவில்லை. நாலு பேர் பலகையில் சிரித்துவிட்டு இதைத் தாண்டிப் போனார்கள். மத்தியான ஷிஃப்ட் இல்லாத நாளில் நானும் போயிருந்தேன். சுவரோரமாக நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"எடுபடலடி. ரொம்ப நீளம். யாருக்கும் சிரிப்பு வரல."

"எடுத்துடேன்."

"எடுக்க முடியாது" என்றாள்.

அப்போது ஒரு பெண் உள்ளே வந்தாள். கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு துணிக்கடையின் தையல் பிரிவில் வேலை செய்கிறவள். கழுத்தில் இன்ச் டேப் தொங்கியது. நேற்றும் சாப்பாட்டு நேரத்தில் வந்து இந்தப் பலகை முன்னால் நின்றாள் என்று என் சிநேகிதி காதில் சொன்னாள். இன்றும் அந்தப் பெண் நேராக அங்கேதான் போனாள். ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். பிறகு எங்களைப் பார்த்துத் தயங்கித் தயங்கி வந்தாள்.

"அக்கா, இது நெஜமான வூடா? இன்னும் காலியா கீதா?"

அந்தப் பெண்ணே அவசரமாகச் சொன்னாள்: "சிந்தாதிரிப்பேட்டைல ஆத்தோரம் இருந்தோம்க்கா. கவர்மெண்ட்ல குடிசைய இடிச்சிட்டு ஊருக்கு வெளிய கொண்டுபோய் வுட்டாங்க. அங்கேர்ந்து வந்துட்டுப் போறதுக்குள்ள பாதி நாள் போய்டுது. இங்க ரூம் கேட்டா எந்த ஏரியாம்பாங்க. சொன்னா அவ்ளோதான். இதுல வந்துடுங்கோன்னு போட்டுக்கீதே, அதான் கேட்டேன்."

நான் விளக்கிச் சொல்ல வாயைத் திறந்தேன். அது கண்காட்சிக்காக எழுதினது, அந்த வீட்டில் நாங்கள்தான் இருக்கிறோம் என்று. அதற்குள் என் சிநேகிதி முந்திக்கொண்டாள்.

"காலியாகும்" என்றாள். "ஒண்ணாந்தேதி."

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. ஆனால் நகம் வாயில் இல்லை. கண் நேராக அந்தப் பெண்ணின் முகத்தில் இருந்தது.

"மாடில இரண்டு ரூம். இந்த அக்கா ஒண்ணுல இருப்பாங்க. நல்லவங்க. இன்னொண்ணு என்னோடது, இனிமே உனக்கு."

"அந்த அம்மா எந்த ஏரியான்னு கேப்பாங்களாக்கா?"

"கேப்பாங்க. பேரும் கேப்பாங்க. ஒண்ணு சொல்வாங்க, கேக்கறதுக்குக் கஷ்டமா இருக்கும்" என்றாள் அவள். "கேட்டுட்டு உடனே கிளம்பிடாத. நில்லு. அதுக்கப்புறம் ஒண்ணு சொல்வாங்க, அதையும் கேட்டுட்டு வா."